பட்டவன் தோளில் ஒட்டிய அரளிப்பூ

பூ விழவில்லை.

கல்லின் வலது தோளில் ஒரு சிவப்பு அரளி. இடது தோளில் ஒரு சிவப்பு அரளி. வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இடது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டுமே விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம் என்று யோசிக்கும் தேவை அதற்கு முன்பு யாருக்கும் வந்ததில்லை.

என் வீட்டுக்காரரின் பங்காளிகள் அத்தனை பேரும் வைகாசி வெயிலில் கல்லைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் பூவைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். மறுபடி பூவைப் பார்ப்பார்கள்.

ஏனென்றால் சாமியிடம் கேட்டிருந்த கேள்வி என்னுடையது. 'இந்தக் கல்லை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?' அவ்வளவுதான் கேள்வி. ஆனால் அதற்குப் பதில் வரும்வரை சாமியை யாரும் தொடக் கூடாது. கவசம் சாத்தக் கூடாது. பொங்கப்பானை ஏற்றக் கூடாது. கிடா வெட்டக் கூடாது.

"ஏத்தா செல்வி, ஒனக்குக் கேக்க வேற நாளே கெடைக்கலையா?" என்றார் பாக்கியம் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. "காலையில ரெண்டு இட்லி தின்னது. வயிறு முதுகோட ஒட்டிக்கிருச்சு."

"நான் கேக்கல மதினி..." என்று ஆரம்பித்தேன். மதினி அதற்குள் பூவைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வேப்பமரத்தடியிலிருந்து சமையல் மாஸ்டர் சத்தம் போட்டார். "அண்ணே, ஒல கொதிச்சுக் கொதிச்சு வத்துது. அரிசியப் போடவா, வேணாமா? இஞ்சி பூண்டெல்லாம் அரைச்சு வச்சது கருத்துப் போகும்!"

மரத்தில் கட்டியிருந்த கிடா, தன் கழுத்தில் போட்ட மாலையைத் தானே தின்று முடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த வேப்பிலைக் கட்டை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பூ விழாததில் சந்தோஷமாக இருந்த ஒரே உயிர் அதுதான்.

ப்ளவுஸுக்கு அளவு எடுக்கும்போதுகூட எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் டேப்பைப் பார்த்தே பேசுகிறவள் நான். என்னை இப்படி ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தியது ஒரு அரளிப்பூ. அங்கே எப்படிப் போய் மாட்டினேன் என்பதைச் சொன்னால்தான் மீதி விளங்கும்.

கருநீலச் சேலை

திண்டுக்கல்லில் ஒற்றை மிஷினோடு தையல் கடை வைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தோழி, "பத்தாவதோட நிறுத்துன நீ எப்படி செலையும் கல்வெட்டுமா படம் புடிச்சுக்கிட்டுத் திரியுற?" என்று கேட்டாள். அதுவும் தையல் வழியாக வந்ததுதான்.

என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். சனி, ஞாயிறுகளில் கோயில், மலை, கோட்டை, அருவி என்று ஆட்களைக் கூட்டிப்போவார். ஒரு சீட் காலியாக இருந்தால் அது எனக்கு. அப்படிப் போன ஒரு பழைய கோயிலில், தூணில் ஒரு பெண் சிலை. அவள் சேலையின் கொசுவம் ஒன்றன்மேல் ஒன்றாக அவ்வளவு சீராக விழுந்திருந்தது. இந்தக் கரை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தெரியவில்லை. அதற்குள் வேனில் ஹாரன் அடித்துவிட்டார்கள். கடையில் போய் நிதானமாகப் பார்க்கலாம் என்று என் மகள் வாங்கிக் கொடுத்த போனில் ஒரு படம் எடுத்தேன்.

அப்படித்தான் ஆரம்பம். பிறகு ஒட்டியாணம், குஞ்சம், காலணி, கொண்டை ஊசி என்று வளர்ந்துவிட்டது. வேனில் வரும் பெண்கள் கோபுரத்துக்கு முன்னால் கன்னத்தில் விரல் வைத்து நிற்பார்கள். என் போனில் மட்டும் ஆட்களே இருக்க மாட்டார்கள். ஆளைப் படம் எடுக்க வேண்டும் என்றால் பேச வேண்டும். 'கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று சொல்ல வேண்டும். கல்லிடம் அந்தத் தொல்லை கிடையாது.

நம்மூர் மலைக்கோட்டைக்கும் ஏறியிருக்கிறேன். காலை வெயில் மதில்மேல் சாய்வாக விழும் நேரத்தில் ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாகத் தெரியும். ஒரு நாள் அப்படிச் சுவரை எடுத்துக்கொண்டிருந்தபோது, நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு இளஞ்ஜோடி பதறி எழுந்தது. "அக்கா, எங்கள எடுக்காதீங்கக்கா, ப்ளீஸ்!" உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் எடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனைக் காதில் வைத்து, யாரிடமோ பேசுவதுபோல "சரி சரி" என்று சொல்லிக்கொண்டே மலையை விட்டு இறங்கி வந்துவிட்டேன்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் சில விஷயங்கள் பிடிபட்டன. கல்லில் செதுக்கியதை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் தோசைக்கல் மாதிரி தட்டையாகத் தெரியும். பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ வெளிச்சம் வழிந்து இறங்கினால்தான் மூக்கு மூக்காகவும் வாய் வாயாகவும் எழுந்து நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை எடுக்கும்போது நம் உடம்பே கண்ணாடியில் விழும். அதனால் மியூசியம் போகிற அன்றைக்கு மட்டும் கருநீலச் சேலை கட்டுவேன்.

பாக்கியம் மதினிக்குக் கிளிப்பச்சைதான் பிடிக்கும். எந்த மியூசியத்தில் எந்த வெண்கலச் சிலையை எடுத்தாலும் ஓரத்தில் ஒரு கிளிப்பச்சை மேகம் இருக்கும்.

சாமிதான், ஆனால் மியூசியம்

மியூசியம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு டூர் போய்த் திரும்பும் வழியில், மழைக்கு ஒதுங்குவதற்காக ஒரு மியூசியத்துக்குள் போனோம். வாசலிலேயே மதினி செருப்பைக் கழற்றிவிட்டார். அவர் கழற்றியதைப் பார்த்து வேனில் வந்த எல்லாரும் கழற்றிவிட்டார்கள். வாசல் முழுக்கச் செருப்பு.

உள்ளே வரிசையாகக் கற்சிலைகள். ஒரு அம்மன் சிலைக்கு முன்னால் நின்ற மதினி, தலையிலிருந்து மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து அம்மன் காலடியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காவலுக்கு இருந்தவர் ஓடி வந்தார்.

"அம்மா, அம்மா, பூவெல்லாம் வைக்கக் கூடாதும்மா. இது மியூசியம்."

"சாமிதானப்பா?"

"சாமிதாம்மா. ஆனா மியூசியம்."

"மியூசியத்துல இருந்தா சாமி இல்லன்னு ஆயிருமா?"

அவர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார். "இல்லம்மா, பூசை கெடையாது. அம்புட்டுத்தான்."

"பாவம்" என்றார் மதினி, அம்மனைப் பார்த்து. பூவை எடுத்துத் தன் தலையிலேயே திரும்ப வைத்துக்கொண்டார்.

நான் அப்போது முற்றத்தில் இருந்தேன். அங்கே தாழ்வாரத்தில் ஒரு நடுகல் நின்றது. சண்டையில் செத்துப்போன வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்டு வைக்கிற கல். கையில் வேல், இடுப்பில் குத்துவாள், அள்ளி முடிந்த கொண்டை. எந்த ஊரில் கிடைத்தது என்று ஒரு சின்னப் பலகை. மழை வெளிச்சத்தில் அழகாகத் தெரிந்தான். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று ஆசை தீர எடுத்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனைத் தெரிந்தவர்களும் அங்கே யாரும் இல்லை.

திரும்பும்போது வேனில் படத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன். "இது மாதிரித்தான நம்ம சாமியும் இருக்கும்?"

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நம்ம சாமிய வேட்டி இல்லாம எவன் பாத்தான்?"

அன்றிலிருந்து என் மனதில் அது உட்கார்ந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாள் முதல் கும்பிடுகிற கல். அதில் என்ன செதுக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

வேட்டி கட்டிய கல்

எங்கள் குலசாமி பட்டவன். சண்டையில் வெட்டுப்பட்டுச் செத்தவர் என்பதால் பட்டவன். குஜிலியம்பாறை தாண்டி, மழையை நம்பிச் சோளம் விதைக்கிற காட்டுக்கு நடுவில் ஒரு மேடை. மேடையில் இடுப்புயரக் கல். கூரை கிடையாது, பட்டவனுக்குக் கூரை ஆகாது.

எத்தனையோ தலைமுறையாக எண்ணெய் சாத்திச் சாத்திக் கல் கன்னங்கரேல் என்று இருக்கும். திரை கட்டிப் பூசாரி மட்டும்தான் சாத்துவார்; அந்தப் பிசுக்கில் அவருக்கும் எதுவும் தெரியாது. அதன்மேல் வேட்டி, அதன்மேல் துண்டு, உச்சியில் தலைப்பாகையாக உருமால். வெள்ளியில் இரண்டு கண், ஒரு மீசை. வலது பக்கம் இடுப்புக்குக் கீழே வேட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு புடைப்பு தெரியும். அது பட்டவனின் கேடயம் என்பார்கள் பாதிப் பேர். நாய் என்பார்கள் மீதிப் பேர். இதை வைத்து ஒரு காதுகுத்து வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது.

படம் எடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. ரொம்ப நாளைக்கு முன்பு பங்காளி ஒருவர் ஃபிலிம் கேமராவில் எடுத்தாராம். ரோல் முழுக்க வெள்ளையாகப் போய்விட்டதாம். கேமராவில் கோளாறா, சாமிக் குற்றமா என்று தெரியாததால், சாமியிடம் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை.

இப்படி இருக்கும்போது, பங்காளிகள் சேர்ந்து பட்டவனுக்குப் பித்தளைக் கவசம் செய்து போடுவது என்று முடிவு செய்தார்கள். மீசை, வேல், வாள் எல்லாம் வைத்து, கல்லை முழுக்க மூடுகிற மாதிரி. மாட்டியதும் சுற்றிலும் சாந்து பூசிவிடுவார்கள். பிறகு கழற்றுவது கிடையாது. எண்ணெய்க்காப்பு முதற்கொண்டு எல்லாம் கவசத்துக்கு மேலேதான்.

அதாவது, கவசம் போடும் அன்று காலை வேட்டியை அவிழ்த்துக் குளிப்பாட்டும்போது கல் தெரியும். அதுதான் கடைசி. அப்புறம் எவரும் பார்க்கப்போவதில்லை.

எங்கெங்கோ யாருடைய கல்லையோ படம் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் கல் மட்டும் இல்லை. காலையில் வேனில் போகும்போது வீட்டுக்காரரின் காதில் மெதுவாகச் சொன்னேன். "ஒரே ஒரு படம். முடியுமான்னு சின்னமாமாகிட்டத் தனியாக் கேளுங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

சின்னமாமா என்பது பூசாரி. இவருக்குச் சித்தப்பா முறை.

"அதுக்கென்ன" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. வேனில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிப் பேசியே பழகிய தொண்டை. கல்லைக் குளிப்பாட்டி முடித்து எல்லாரும் கைகூப்பி நின்ற நேரத்தில் அவர் முன்னால் போய், "சித்தப்பா! எங்க செல்விக்குச் சாமிய ஒரு போட்டோ எடுக்கணுமாம்! கேட்டுச் சொல்லுங்க!" என்றார்.

சோளக்காட்டில் மேய்ந்த மயில்கூட நிமிர்ந்து பார்த்தது.

கேட்டாச்சுன்னா கேட்டதுதான்

"எனக்கு வேண்டாம் மாமா" என்று அவசரமாகச் சொன்னேன்.

சின்னமாமா தலையை ஆட்டினார். "சாமி முன்னால சொல்லியாச்சு தாயி. கேட்டாச்சுன்னா கேட்டதுதான். பூப்போட்டுப் பாத்துருவோம்."

அவர் இரண்டு அரளிப்பூவைத் தண்ணீரில் நனைத்து இரண்டு தோளிலும் ஒட்டினார். வழக்கமாகத் துண்டு போர்த்திய தோளில்தான் ஒட்டுவார்கள், ஈரம் காய்ந்ததும் ஏதாவது ஒன்று விழுந்துவிடும். இது துணி எடுத்த வெறும் கல், தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஏறியது. மேலுக்குக் குளிப்பாட்டியிருந்தார்களே தவிர, சாமியைச் சுரண்டுவார் யாராவது உண்டா? அந்தப் பிசுக்கில் பூ கப்பென்று பிடித்துக்கொண்டது.

வெயில் ஏறியது. கைக்குழந்தைகள் அழ ஆரம்பித்தன. கவசம் செய்துகொண்டு வந்திருந்த ஆசாரி, கோணிச்சாக்கில் சுற்றிய கவசத்தின்மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். திண்டுக்கல்லில் சாயங்காலம் இன்னொரு வேலை ஒப்புக்கொண்டிருந்தாராம். அடிக்கொரு தரம் போனைப் பார்த்தார்.

"சித்தப்பா, லேசா ஊதிவிட்டா என்ன?" என்றான் ஒரு கொழுந்தன்.

"ஏலே, சாமிகிட்டயே தில்லுமுல்லா?"

"இந்தப் பக்கம் ஊதுனாத்தான தப்பு. பொதுவா ஊதுவோம்."

"அப்பு, நீ செத்த நேரம் பொத்திக்கிட்டு நில்லு."

மதினி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "பட்டவரே, ஒரு போட்டோ. அதுக்கு இம்புட்டு யோசனையா? எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்கே இம்புட்டு யோசிக்கல."

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. வேறு பக்கம் பார்க்கவும் முடியாது. அதனால் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

கிழக்கே பார்த்த கல். காலையில் குளிப்பாட்டியபோது வெயில் நேராக முகத்தில் அடித்ததில் வெறும் கருங்கட்டியாகத்தான் தெரிந்தது. நாங்கள் காத்திருந்த நேரத்தில் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் போய்விட்டான். இப்போது வெளிச்சம் மேலிருந்து கல்லின்மேல் வழிந்து இறங்கியது. முதலில் நெற்றி எழுந்தது. பிறகு மூக்கு. பக்கவாட்டில் சாய்ந்த ஒரு கொண்டை. ஓங்கிய கையில் வேல். எண்ணெய்ப் பிசுக்குக்குள் இருந்து ஒரு ஆள் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தார். நேரத்தோடு பூ விழுந்திருந்தால் இந்த வெளிச்சம் கிடைத்திருக்காது.

என் கை தானாகப் பைக்குள் போனது. போனைத் தொட்டுவிட்டுத் திரும்ப வந்தது.

வெயிலில் எண்ணெய்ப் படலம் இளக ஆரம்பித்தது. வலது தோளில் இருந்த பூ ஒரு நூல் இறங்கியது.

"நகருது!" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லாரும் முன்னால் வந்தோம். பூ இன்னும் கொஞ்சம் சறுக்கியது. சட்டென்று பிடி விட்டு விழுந்தது. கைதட்டப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். பூ தரைக்கு வரவில்லை. பாதி வழியில், அந்தக் கேடயமா நாயா என்று சண்டை நடந்த புடைப்பின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"விழுந்துருச்சு!" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்க விழுந்துச்சு? தரையத் தொடலையே!" என்றார் எதிரில் நின்ற ஒரு பெரியவர்.

"தோளவிட்டு எறங்கிருச்சுல்ல?"

"எறங்குறது வேற, விழுறது வேறப்பா."

சமையல் மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்தார். "விழுந்துச்சா? அரிசி போட்டுரவா?"

"இருப்பா!" என்று பத்துக் குரல்.

சின்னமாமா குனிந்து, பூ எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தார். பூவைத் தொடாமல் அதற்குக் கீழே, தன் தோளில் கிடந்த துண்டின் நுனியால் மெதுவாகத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏய்... கைடா இது."

கேடயம் இல்லை. நாயும் இல்லை. ஒரு சின்ன உள்ளங்கை. மணிக்கட்டில் வளையல். வளையலுக்கு மேலே போனால் முழங்கை, தோள், காதில் தொங்கும் வட்டத் தோடு. பட்டவனின் இடுப்புயரத்தில், அவருக்குப் பக்கத்தில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வேட்டிக்குள்ளேயே இத்தனை காலம் நின்றிருக்கிறாள். அவள் கையில்தான் பூ இருந்தது.

 பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க முண்டியடித்தார்கள்.

சின்னமாமாதான் முதலில் வாய் திறந்தார். "அவரு விட்டுட்டாரு. இந்தம்மா புடிச்சுக்கிருச்சு."

"அப்ப என்ன அர்த்தம்?" என்றார் தரையைத் தொடவில்லை என்று சொன்ன பெரியவர்.

மதினி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இது தெரியலையா? புருசன் சரின்னுட்டாரு. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேக்கலைல்ல? அதான்."

சிரிப்பு ஒரு பக்கம் கிளம்பி மறுபக்கம் வரை போனது. சின்னமாமா சிரிக்கவில்லை. அவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வா தாயி. நீயே கேளு. பொம்பளைக்குப் பொம்பளை."

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.  கல்லுக்கு முன்னால் போய் நின்றேன். சத்தமாகக் கேட்க வேண்டும், எல்லாருக்கும் கேட்க வேண்டும். என்ன கேட்பது? எப்படிக் கேட்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம் கடையில் அளவு எடுக்கும்போது சொல்கிற ஒரே வார்த்தை. அதுதான் வாயில் வந்தது.

"அப்படியே நேரா நில்லுங்கம்மா. ஒரு நிமிசந்தான்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது காதில் விழுந்தது. "ப்ளவுசு தைக்கப் போறா!"

எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. கருநீலமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வெளிச்சம் இருந்தது. எடுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் கல்லைச் சுற்றி வந்து நெருக்கியடித்து நிற்கிறார்கள். பட்டவனும் தெரியவில்லை, அந்த அம்மாளும் தெரியவில்லை. கிளிப்பச்சைதான் நடுநாயகம். "எங்களையும் சேத்து ஒண்ணு எடு செல்வி!" என்றார் மதினி, கன்னத்தில் விரல் வைத்தபடி.

ஒரு வார்த்தை பேசியதில் தைரியம் வந்துவிட்டது போல. "மதினி, செத்த நேரம் தள்ளுங்க. சாமி மறையுது" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் தள்ளினார்கள்.

உடுப்போடு எடுத்த அளவு

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. உலையில் அரிசி விழுந்தது. கிடாவின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆசாரி சாக்கைப் பிரித்தார். பளபளவென்று கவசம். முறுக்கு மீசை, பெரிய கண், அகன்ற மார்பு. இரண்டு பேர் தூக்கிக் கொண்டுபோய் மாட்டினார்கள். கையை எடுத்ததும் அது கடகடவென்று ஆடியது. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் சாய்ந்தது. பட்டவன் தன் மூத்த அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் போல இருந்தது.

"ஏம்ப்பா, அளவெடுத்துத்தான செஞ்ச?" என்றார் சின்னமாமா.

"எடுத்தேங்க. நூல் வச்சு எடுத்தேன். நீங்கதான பக்கத்துல நின்னீங்க?"

"எப்ப எடுத்த?"

"ஒரு வெள்ளிக்கிழம பூசை அன்னைக்கு."

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. சாமியை வேட்டியை அவிழ்க்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. வேட்டி, துண்டு, உருமால், மாலை எல்லாவற்றுக்கும் மேலே நூலைச் சுற்றி அளவெடுத்திருக்கிறார்கள். அதுவும் மாலை கனமாக விழுந்த வெள்ளிக்கிழமை.

அளவை விடுங்கள். அந்த அம்மாளுக்குக் கவசத்தில் இடமே இல்லையே? அவளை மறுபடி மூடுவதா என்று பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. அது பெரிதாவதற்குள் ஆசாரியே வழி சொன்னார். "தகட்ட ஒடுக்கி, இந்தப் பக்கம் புதுசா ஒரு உருவம் அடிச்சுச் சேத்துத் தாரேன். ஆனா எனக்கு இதே மாதிரி தெரியணும். மறுபடி வேட்டி கட்டிட்டீங்கன்னா நான் என்னத்தப் பாக்குறது?"

எல்லாரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை பார்வை வேறு மாதிரி இருந்தது.

ஆசாரி போனை நீட்டினார். "அக்கா, அந்தப் படத்த எனக்கு வாட்ஸப்புல போட்டு விடுங்க."

அன்றைக்குப் பந்தியில் எனக்கு முதல் வரிசையில் இலை போட்டார்கள். பாக்கியம் மதினி என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இந்தப் புள்ள இல்லைன்னா இந்நேரம் ஒரு பொம்பளைய உசுரோட பூட்டியிருப்பாங்க" என்று எதிர்வரிசைக்குச் சொல்லிக்கொண்டே எலும்பு கடித்தார்.

பித்தளைப் பூ

அடுத்த சாமி கும்பிடுக்குப் போனபோது கவசம் சாத்தி, சாந்தும் பூசியிருந்தார்கள். அந்த வேலை நடந்த அன்று எங்கள் வேன் வெளியூர்ச் சவாரியில் இருந்ததால் நான் பார்க்கவில்லை. அதனால் இப்போதுதான் முதல் தடவை.

அளவு கச்சிதம். பட்டவனுக்குப் பக்கத்தில் அந்த அம்மாள், வட்டத் தோடு, வளையல் எல்லாம் அப்படியே. ஆசாரி நல்ல வேலைக்காரர். படத்தில் இருந்த எதையும் விடவில்லை.

அவள் உள்ளங்கையில் பித்தளையில் ஒரு அரளிப்பூ இருந்தது. ஐந்து இதழும் தனித்தனியாக, நடுவில் சின்னக் குழியோடு.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஆசாரி பூப்போட்டதைக் கண்ணால் பார்த்தவர்தான். ஆனால் பட்டறையில் தகட்டை வைத்துக்கொண்டு போனைப் பார்த்து அடிக்கும்போது, எது கல், எது பூ என்றெல்லாம் யோசிப்பாரா? படத்தில் இருந்தது, அடித்துவிட்டார்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, "அது என்னங்கத்த கையில?" என்று மதினியிடம் கேட்டாள். பழனிப் பக்கத்துப் பெண், 'ங்க' போட்டுத்தான் பேசுவாள்.

"அதுவா? இவுக பேரு பூவாத்தா" என்றார் மதினி, பரம்பரை பரம்பரையாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி. "பட்டவரு பொண்டாட்டி. எப்பவும் கையில பூ வச்சிருப்பாக. இவுக சொன்னாத்தான் அவரு கேப்பாரு. நீயும் ஒரு பூ வச்சுக் கும்பிட்டுக்க."

அந்தப் பெண் பக்தியோடு ஒரு அரளியை எடுத்துப் பித்தளைப் பூவின்மேல் வைத்தாள். ஏற்கெனவே அங்கே நாலைந்து பூக்கள் இருந்தன.

"சொல்லலையா?" என்று வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என்ன சொல்வது? அன்றைக்கு அந்தக் கையில் பூ இருந்தது நிஜம்தானே. படமே இருக்கிறது.

உச்சி வெயில் கவசத்தில் பட்டு, பூவாத்தாவின் கன்னத்தில் ஒரு மினுக்கு ஓடியது. நல்ல வெளிச்சம். என் கை பைக்குள் போனதைச் சின்னமாமா பார்த்துவிட்டார். அவருக்கும் ஆசைதான் போல.

"என்ன தாயி, படம் எடுக்கணுமா? பூப்போட்டுப் பாத்துருவமா?"

"வேணாம்!"

நான் சொல்லவில்லை. மதினி, கொழுந்தன்மார், எதிரில் நின்ற பெரியவர், வேப்பமரத்தடியில் கரண்டியோடு சமையல் மாஸ்டர், எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மரத்தில் கட்டியிருந்த கிடா மட்டும் மாலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.